மணி அடிச்சா யாரு வருவாங்க?

பள்ளிக்கூடத்துக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் நேரடித் தொடர்பு வேண்டும். ஆபத்தென்றால் ஒரு பட்டனை அமுக்கியதும் போலீஸ் வந்து நிற்க வேண்டும். அதற்கு அரசு காசு ஒதுக்க வேண்டும் என்கிறார்கள். நல்லதுதானுங்க. பிள்ளைகளின் உயிர் காக்க யார் வேண்டாமென்றது?

ஆனால் காந்திபுரம் டவுன் பஸ் ஸ்டாண்டில் சாயந்திரம் யூனிபாரத்தோடு பஸ்ஸுக்கு நிற்கிற நம்ம பிள்ளைகளை வைத்து ஒரு கேள்வி கேட்கிறோம். இந்தப் பிள்ளை மணி அடிச்சா யாரு வருவாங்க? வந்தவங்க யாரு பேச்சைக் கேப்பாங்க?

நம்ம பக்கத்துக் கதையையே பார்ப்போம். 2022-ல் பெருந்துறை பக்கம் பாலக்கரை ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் தலித் பிள்ளைகளைக் கக்கூஸ் கழுவ வைத்தார்கள். வெளியே எப்படித் தெரிந்தது? ஒரு பையனுக்கு டெங்கு காய்ச்சல் வந்து, பெத்தவள் துருவிக் கேட்டபோதுதான் தெரிந்தது. அதன் பிறகே வன்கொடுமை வழக்கு, தலைமை ஆசிரியை கைது. 2025 ஏப்ரலில் கிணத்துக்கடவு பக்கம் செங்குட்டைப்பாளையத்தில், மாதவிலக்கைக் காரணம் காட்டி 8-ஆம் வகுப்புத் தலித் சிறுமியைப் படிக்கட்டில் உட்கார்த்திப் பரீட்சை எழுத வைத்தார்கள். அதையும் எந்தக் கருவியும் சொல்லவில்லை. தாய் நேரில் போய் செல்போனில் படம் பிடித்தாள், ஊர் அறிந்தது. ஒரு இடத்தில் காய்ச்சல் தகவல் சொன்னது, இன்னொரு இடத்தில் தாயின் செல்போன் சொன்னது. பள்ளிக்கூடம் வாய் திறக்கவில்லை.

சொன்னால் மட்டும் என்ன ஆகிறது? நாங்குநேரியைக் கேளுங்கள். ஆதிக்கசாதி மாணவர்களின் தொல்லை தாங்காமல் ஒரு தலித் மாணவன் பள்ளிக்கு வராமல் நின்றான். பள்ளியிலிருந்து கூப்பிட்டுக் கேட்டார்கள். நடந்ததைச் சொன்னான். 2023 ஆகஸ்ட் 9 இரவு வீடு புகுந்து அவனையும், தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். புகார் சொன்ன பிள்ளைக்குப் பாதுகாப்பு வரவில்லை, அரிவாள்தான் வந்தது. தகவல் போகவேண்டிய இடத்துக்குப் போகாமல், போகக்கூடாத இடத்துக்குப் போனது. இதை எந்தப் பட்டன் சரி செய்யும்?

கருவி இருந்தால் போதும் என்கிறவர்கள் அமெரிக்காவைப் பார்க்கட்டும். டெக்சாஸ் மாகாணம் உவால்டே ஊர்ப் பள்ளியில் 2022 மே 24 அன்று துப்பாக்கியோடு ஒருவன் புகுந்தான். வகுப்புக்குள் மாட்டிய பிள்ளைகளே 911-க்குப் போன் செய்து போலீசை அனுப்பச் சொன்னார்கள். போன் வேலை செய்தது. 376 போலீசார் வந்து குவிந்தார்கள். ஆனால் 77 நிமிஷம் கழித்துத்தான் உள்ளே போனார்கள். 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் செத்தார்கள். மறுமுனையில் இருப்பவன் அசையாவிட்டால் கோடிக்கணக்கில் கொட்டியும் பிரயோசனமில்லை.

நமக்கு இன்னொரு பயமும் உண்டு. வாச்சாத்தி (1992), தாமிரபரணி (1999) பார்த்த சனங்கள் நாம். போலீஸ் பள்ளிக்குள் வருகிறதென்றால் யாரைப் பிடிக்க வருகிறது என்றுதான் முதலில் நினைப்போம். அதற்காகப் போலீசே வேண்டாம் என்று சொல்லவில்லை. கோவை மாவட்டக் காவல்துறை 2022-ல் 'பள்ளிக்கூடம்' என்ற திட்டத்தில் வகுப்புக்கே போய்ப் பாலியல் தொல்லை பற்றிப் பிள்ளைகளிடம் பேசியது. பிள்ளைகள் வாய் திறந்தார்கள், வழக்குகள் பதிவாயின. அங்கே வேலை செய்தது மிஷின் இல்லை. காது கொடுத்துக் கேட்ட மனுசி, மனுசன்.

காசு இல்லை என்று சொல்லாதீர்கள். 2013-ல் ஒன்றிய அரசு 1000 கோடி ரூபாயில் நிர்பயா நிதியைத் தொடங்கியது. அதில் பெரும்பகுதி பல வருஷம் செலவாகாமலே கிடந்தது. 112, 1098, 14417 என்று நம்பர்களுக்கும் குறைவில்லை. வன்கொடுமைக்கென்றே 14566 இருக்கிறது. தலைமை ஆசிரியர் அறையில் பூட்டிக்கிடக்கும் போனில் இந்த நம்பர்களை எந்தப் பிள்ளை அமுக்கும்?

ஆகவே நாம் கேட்பது இது:

பிள்ளைகள் யாரிடமும் அனுமதி கேட்காமல் பேச ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு இலவசப் போன் வேண்டும்.

நாங்குநேரிக்குப் பின் அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. 500 பேருக்கு மேல் படிக்கும் பள்ளிகளுக்குப் பள்ளி நல அலுவலர் வேண்டும் என்றது. முதல் காசை அதற்குப் போடுங்கள். அந்த வேலையில் நம் சேரிப் பெண்களும் உட்காரட்டும்.

சாதிக்கொடுமை என்று புகார் வந்தால் அன்றைக்கே டி.எஸ்.பி. அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போகவேண்டும். அன்று ராத்திரியே காவல் போடவேண்டும்.

எத்தனை புகார் வந்தது, எத்தனை மணி நேரத்தில் யார் போனார் என்ற கணக்கை, பிள்ளையின் பெயரை மறைத்து, பள்ளி மேலாண்மைக் குழுவில் வைக்கவேண்டும். கடமை தவறிய அதிகாரிமேல் 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4-ஆம் பிரிவைப் போடவேண்டும். சட்டம் புத்தகத்தில் தூங்குவதற்கல்ல.

கடைசியாக ஒன்று. எல்லாப் பள்ளிக்கும் கேமரா மாட்டிவிட்டு, அந்தச் செலவை ஆதிதிராவிடர் துணைத் திட்டக் கணக்கில் எழுதாதீர்கள். அந்தக் காசைக் காக்க 2024-ல் சட்டமே போட்டிருக்கிறீர்கள்.

தோழர்களே, நாளைக்கே உங்கள் பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்குப் போங்கள். போன் எங்கே இருக்கிறது, சாவி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். நாம் கேட்காமல் அந்தப் பூட்டு திறக்காது.