நர்சிங் சீட்டு கிடைக்குமா? ஜனவரியில் சொல்ல வேண்டிய பதில்

அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளி திறந்ததும் பிளஸ் டூ ஆசிரியர்களைத் தேடிவரும் கேள்வி இது: "டீச்சர், பாப்பாவுக்கு நர்சிங் சீட்டு கிடைச்சிடுங்களா?" பழையசீவரம், வாலாஜாபாத், உத்திரமேரூர் பக்கத்துக் கிராமங்களில் டாக்டர் சீட்டைப் பற்றிக் கேட்கும் பெற்றோரைவிட இதைக் கேட்கும் பெற்றோரே அதிகம். காரணமும் தெளிவானது. ஒரு பெண் நான்கு வருடம் படித்து முடித்தால் வேலைக்குப் போய்விடலாம், வீட்டைத் தூக்கி நிறுத்திவிடலாம் என்று நம்பக்கூடிய படிப்பு அவர்கள் கண்ணுக்குத் தெரிவது இதுதான்.

இந்தக் கேள்விக்கு நம்மில் பலர் சொல்லும் பதிலை நினைத்தால் கவலையாக இருக்கிறது. "நூத்தி எண்பது தாண்டினா பாக்கலாம்" என்கிறோம். இல்லையென்றால், "கவலைப்படாதம்மா, கண்டிப்பா கிடைக்கும்" என்கிறோம். முதல் பதிலில் வரும் எண் என்றைக்கோ எந்தப் பிரிவு மாணவிக்கோ எந்தக் கல்லூரியிலோ இருந்த கட்-ஆஃப். இரண்டாவது பதில் அன்பினால் வருகிறது, கணக்கினால் அல்ல. இரண்டுமே அந்தக் குடும்பத்தைத் தவறான திசையில் அனுப்பக்கூடியவை. வழிகாட்டி ஆசிரியர்களான நாம் இந்த ஒரு விஷயத்திலாவது கணக்குப் போட்டுப் பேசும் பழக்கத்துக்கு வர வேண்டும்.

2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் தமிழ்நாட்டில் தொழிற்கல்விக்கான நுழைவுத் தேர்வு ஒழிந்தது. 2017-இல் எம்.பி.பி.எஸ். படிப்புக்கு நீட் வந்த பிறகும் பி.எஸ்சி. நர்சிங் பிளஸ் டூ மதிப்பெண்ணிலேயே நிற்கிறது. புதுச்சேரி ஜிப்மரும் ராணுவ நர்சிங் கல்லூரிகளும் நீட் மதிப்பெண் கேட்கின்றன. எய்ம்ஸ் தனியே தேர்வு நடத்துகிறது. வேலூர் சி.எம்.சி.க்கென்று தனித் தேர்வு முறை இருக்கிறது. ஆனால் மாநில ஒற்றைச்சாளரத்தில் போகும் நம் பிள்ளைக்கு வகுப்பறையில் படித்த பாடமே போதும். கோச்சிங் சென்டரும் இல்லை, அதற்கான பணமும் இல்லை என்ற நிலையில் உள்ள வட்டாரத்துக்கு இதைவிடப் பெரிய கதவு வேறில்லை. அந்தக் கதவு எவ்வளவு திறந்திருக்கிறது என்று அளந்து சொல்வது நம் வேலை.

முதலில் மதிப்பெண். உயிரியல் 100-க்கு அப்படியே எடுக்கப்படும். இயற்பியலும் வேதியியலும் சேர்ந்து 100 ஆகச் சுருக்கப்படும். மொத்தம் 200. ஒரு மாணவி அரையாண்டில் உயிரியலில் 84, இயற்பியலில் 70, வேதியியலில் 76 எடுத்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவளுடைய கூட்டு 84 + 73 = 157. அவளிடம் மீதியிருப்பது இரண்டரை மாதம். அதில் இயற்பியலுக்கென்று ட்யூஷன் வைத்துப் பத்து மதிப்பெண் கூட்டினால் கூட்டு ஐந்துதான் ஏறும். அதே பத்து மதிப்பெண்ணை உயிரியலில் கூட்டினால் பத்தும் முழுதாக வந்து சேரும். உயிரியலில் 84-இல் நிற்கும் பிள்ளைக்குப் பெரும்பாலும் விடுபடுவது படங்களும், பாகங்களைக் குறிப்பதும், தாவரவியல் பகுதியில் ஒதுக்கிவிட்ட இரண்டு மூன்று பாடங்களுமே. அவற்றை இரண்டரை மாதத்தில் சரிசெய்துவிடலாம். இயற்பியல் கணக்குகளை அவ்வளவு சீக்கிரம் சரிசெய்ய முடியாது. இந்த ஒரு கணக்கை ஜனவரியில் கரும்பலகையில் போட்டுக் காட்டிய வகுப்பில் பிள்ளைகள் படிக்கும் நேரத்தைத் தாங்களே மாற்றிக்கொள்வதை நம் வாசகர்கள் பலர் பார்த்திருப்பார்கள். கூட்டு மதிப்பெண் சமமாக வந்தாலும் முன்னே நிற்பது உயிரியலில் கூட எடுத்தவள்தான்.

மதிப்பெண்ணோடு நிறுத்திக்கொள்வதுதான் நாம் செய்யும் பெரிய பிழை. மதிப்பெண் வருடத்துக்கு வருடம் ஏறி இறங்கும். வினாத்தாள் எளிதாக அமைந்த ஆண்டில் 175 எடுத்தவள் நிற்கும் இடம் வேறு, கடினமாக அமைந்த ஆண்டில் நிற்கும் இடம் வேறு. அதனால் போன வருடக் கட்-ஆஃபை இந்த வருடப் பிள்ளைக்கு வைத்துப் பார்ப்பது ஆபத்து. ரேங்க் அப்படிப் பெரிதாக மாறுவதில்லை, ஏனென்றால் இடங்களின் எண்ணிக்கை ஒரே வருடத்தில் தலைகீழாக மாறிவிடாது. மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் ஒதுக்கீட்டுப் பட்டியலை இணையத்தில் வெளியிடுகிறது. எந்த ரேங்க், எந்தப் பிரிவு, எந்தக் கல்லூரி என்று எல்லாம் அதில் இருக்கும். போன வருடம் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரியை ஒட்டிய செவிலியர் கல்லூரியில் உங்கள் மாணவியின் பிரிவில் கடைசியாக இடம் பெற்றது எந்த ரேங்க் என்று பார்த்துவிடலாம். அரை மணி நேர வேலை.

பட்டியலைப் படிக்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது. துணை மருத்துவப் பட்டப்படிப்புகள் பத்துக்கும் மேற்பட்டவை ஒரே விண்ணப்பத்தில், ஒரே ரேங்க் பட்டியலில் வருகின்றன. நர்சிங், பி.பார்ம்., பிசியோதெரபி எல்லாம் அதற்குள்தான். ஆகவே ரேங்க் ஆறாயிரம் என்றால் முன்னால் நிற்கும் எல்லோரும் நர்சிங் கேட்பவர்கள் என்று பொருளல்ல. அவர்களில் ஒரு பகுதியினர் எம்.பி.பி.எஸ்., பல் மருத்துவம் கிடைத்துப் போய்விடுவார்கள். கொஞ்சம் பேர் வேளாண்மைக்கோ கால்நடை மருத்துவத்துக்கோ போவார்கள். வேறு சிலர் மறுபடி நீட் எழுத உட்கார்ந்துவிடுவார்கள். முதல் சுற்றில் இடம் இல்லை என்று வந்த பிள்ளைக்கு அடுத்த சுற்றில் இடம் வருவது இப்படித்தான். இது தெரியாத குடும்பம் முதல் சுற்று முடிந்த அன்றே மனம் உடைந்து, கையில் கிடைத்த கல்லூரிக்குப் பணம் கட்டிவிடுகிறது. "சுற்று முடியட்டும், பொறுங்க" என்று யாராவது பட்டியலைக் காட்டிச் சொன்னால்தான் அவர்கள் நம்புவார்கள். வெறும் ஆறுதலாகச் சொன்னால் நம்பமாட்டார்கள், நம்பாததும் சரியே.

பிரிவைப் பற்றிப் பேசத் தயங்குவோர் நம்மிடையே உண்டு. தயங்கத் தேவையில்லை. பொதுப் போட்டிக்கு 31 விழுக்காடு, பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5, பிற்படுத்தப்பட்ட இஸ்லாமியருக்கு 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் சீர்மரபினருக்கும் 20, பட்டியலினத்தவருக்கு 18 (அதற்குள் அருந்ததியருக்கு 3), பழங்குடியினருக்கு 1 என்பது சட்டம். பொதுப் போட்டி இடம் எல்லோருக்கும் உரியது என்பதைப் பெற்றோர் பலர் அறியாமல் இருக்கிறார்கள். நல்ல ரேங்க் எடுத்த மிகவும் பிற்படுத்தப்பட்ட பிரிவுப் பெண் முதலில் அந்த 31-க்குள் வருவாள், தன் பிரிவு இடத்தை இன்னொருத்திக்கு விட்டுவைப்பாள்.

நம் வட்டாரத்தில் வாய்ப்பு முறிகிற இடம் மதிப்பெண்ணைவிடச் சான்றிதழாக இருப்பது அதிகம். பாலாற்றங்கரையிலும் ஏரிக்கரைகளிலும் வாழும் இருளர் குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். பட்டியல் பழங்குடிச் சாதிச் சான்று தாசில்தார் அளவில் முடியாது. கோட்டாட்சியர் விசாரித்துக் கொடுக்க வேண்டும். தந்தைக்கோ அண்ணனுக்கோ சான்று இல்லாத வீட்டில் அந்த விசாரணை மாதக்கணக்கில் இழுக்கும். மே மாதம் தேர்வு முடிவு வந்த பிறகு மனு கொடுத்தால், சான்று கைக்கு வரும்போது விண்ணப்பத் தேதி போயிருக்கும். அந்தப் பிள்ளை எத்தனை மதிப்பெண் எடுத்திருந்தாலும் அவளுடைய வாய்ப்பை அந்த ஒரு தாளே தீர்மானித்துவிடுகிறது. நூற்றுக்கு ஒன்று என்பது ஒதுக்கீட்டின் அளவு. எனவே ஐம்பது இடம் உள்ள ஒரு கல்லூரியை மட்டும் மனத்தில் வைத்து அவளுக்கு வாய்ப்புச் சொல்ல முடியாது. மாநிலம் முழுவதையும் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். வாய்ப்பைக் கணக்கிட உட்காரும் ஆசிரியர் முதலில் கேட்க வேண்டியது மார்க் லிஸ்ட்டை அல்ல, சாதிச் சான்றை. அது பதினோராம் வகுப்பிலேயே கேட்க வேண்டியது. சான்று இல்லையென்றால் பள்ளியே மனு எழுதிக்கொடுத்துப் பின்தொடர வேண்டும்.

முதல் பட்டதாரிச் சான்று, வருமானச் சான்று, பிறப்பிடச் சான்று ஆகியவை இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கக்கூடியவை. முதல் பட்டதாரிச் சலுகை குடும்பத்தில் ஒருவருக்குத்தான். அண்ணன் அந்தச் சலுகையில் இன்ஜினியரிங் படித்திருந்தால் தங்கைக்குக் கிடையாது. இது தெரியாமல் தனியார் கல்லூரியின் அரசு ஒதுக்கீட்டு இடத்தை எடுத்துவிட்டுக் கட்டணத்தில் திணறும் குடும்பங்கள் உண்டு. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வரும். இந்தத் தொகைகளையெல்லாம் கூட்டிக் கழித்து, "கிடைத்தால் கட்ட முடியுமா" என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் முழுமையான பதில்.

அரசுக் கல்லூரியில் கிடைக்காது என்று கணக்குச் சொன்னால் என்ன செய்வது? உண்மையைச் சொல்லிவிட்டு அடுத்த வழியை அதே பேச்சில் காட்ட வேண்டும். மூன்று வருட டிப்ளமா நர்சிங் இருக்கிறது. அதை முடித்துப் பதிவு செய்துகொண்டவர் பின்னால் இரண்டு வருட போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படித்துப் பட்டதாரி ஆகலாம். வருடம் கூடுதல், ஆனால் பாதை ஒன்றுதான். இதை இரண்டாம் தரம் என்பதுபோல் நாம் பேசுவது தவறு. அரசு மருத்துவமனை வார்டுகளை இன்று நடத்துகிறவர்களில் டிப்ளமா படித்து வந்தவர்கள் நிறைய இருக்கிறார்கள்.

அடுத்த வழியைச் சொல்லாமல் விட்டால் அந்த இடத்தில் ஏஜென்ட் வந்து உட்கார்ந்துவிடுவார். ஒன்றரை வருடத்தில் "நர்சிங்" என்று பேனர் வைத்து மாடி அறையில் நடக்கும் பயிற்சி நிலையங்கள் சிறு நகரங்கள்தோறும் இருக்கின்றன. வெள்ளை உடை, தொப்பி, பட்டமளிப்பு விழா எல்லாம் உண்டு. தமிழ்நாடு நர்சுகள் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சிலில் பதிவு மட்டும் கிடைக்காது. பதிவு இல்லாதவர் சட்டப்படி நர்ஸ் இல்லை. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வுக்கும் விண்ணப்பிக்க முடியாது. வேறு மாநிலக் கல்லூரிக்கு அழைத்துப் போகிறேன் என்பவரிடம் இந்திய நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் எந்த ஆண்டு வரைக்கும் என்று கேட்கப் பெற்றோருக்குக் கற்றுக்கொடுங்கள். "காலேஜ் பேரு லிஸ்ட்ல இருக்குதா, காட்டுங்க சார்" என்று ஒரு தாய் கேட்டுவிட்டால் பாதி ஏமாற்று அங்கேயே நின்றுவிடும்.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். இந்திய நர்சிங் கவுன்சில் 2021-இல் அறிவித்த விதிகளில் சேர்க்கைக்கு ஒரு நுழைவுத் தேர்வு வகுத்தது. அதில் நூற்றுக்கு இருபது மதிப்பெண் நர்சிங் மனப்பாங்குக்கு. பிரிட்டனில் நேர்முகத்தில் பரிவையும் பொறுமையையும் சோதித்துத்தான் எடுக்கிறார்கள். நம் மாநிலம் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே எடுப்பது கிராமத்துப் பிள்ளைக்கு நியாயமானது என்பதே இந்த இதழின் நிலை. நுழைவுத் தேர்வு என்று வந்தால் அதற்கும் கோச்சிங் வந்துவிடும். ஆனால் மனப்பாங்கை யாரும் அளக்காத முறையில் அதைப் பற்றிப் பேசும் பொறுப்பு நம் தலையில் விழுகிறது. இரவுப் பணி, ரத்தம், மலம், இறப்பு இவற்றைப் பற்றி ஒரு முறையாவது வெளிப்படையாகப் பேசாமல் ஒரு பதினேழு வயதுப் பிள்ளையை அனுப்பக் கூடாது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துச் சகோதரியை ஒரு மதியம் வகுப்புக்கு அழைத்தால் போதும். பிள்ளைகள் அவரிடம் கேட்கும் கேள்விகளிலேயே யாருக்கு இது ஒத்துவரும் என்று தெரிந்துவிடும். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு முதலாண்டு அனாட்டமி புத்தகம் ஆங்கிலத்தில் கனமாக இருக்கும் என்பதையும் அப்போதே சொல்லி, தேர்வு முடிந்த கோடை விடுமுறையில் அதற்கு ஒரு ஏற்பாடு செய்யலாம்.

"பொம்பளப் புள்ளய ராத்திரி வேலைக்கு அனுப்பறதா" என்று தயங்கும் பெரியவர்களிடம் பழையசீவரத்தில் நின்றுகொண்டு ஆற்றுக்கு அக்கரையைக் காட்டலாம். திருமுக்கூடல் பெருமாள் கோயில் சுவரில் 11-ஆம் நூற்றாண்டின் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. கோயிலை ஒட்டி நடந்த ஆதுரசாலையின் செலவுக் கணக்கு அது. படுக்கை பதினைந்து. வைத்தியர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகை கொண்டுவர ஆட்கள், அவர்களோடு மருந்து காய்ச்சிக் கொடுக்கும் பெண்கள் இருவர். அவர்களுக்கான ஊதியமும் நெல்லாகவும் காசாகவும் வைத்தியருடைய ஊதியத்தோடு அதே சுவரில் வெட்டப்பட்டிருக்கிறது. இந்தக் கரையில் பெண்கள் சம்பளத்துக்கு மருத்துவமனை வேலை பார்த்தது ஏறக்குறைய ஆயிரம் வருடப் பழக்கம்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த வருடக் கலந்தாய்வின் சுற்றுகள் முடிந்ததும் உங்கள் பள்ளியிலிருந்து நர்சிங் விண்ணப்பித்த ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் ஒரு வரி எழுதி அனுப்புங்கள். பெயர் வேண்டாம். மூன்று பாட மதிப்பெண், பிரிவு, ரேங்க், எந்தச் சுற்றில் எந்தக் கல்லூரி கிடைத்தது, சேர்ந்தாளா, சேரவில்லை என்றால் ஏன் என்பது போதும். கிடைக்காதவர்களைப் பற்றிய வரிகளை விடாமல் அனுப்புங்கள். பள்ளிகள் வழக்கமாக விட்டுவிடுவது அவற்றைத்தான். வட்டார வாரியாகத் தொகுத்து டிசம்பர் இதழில் வெளியிடுகிறோம். அடுத்த ஜனவரியில் கேள்வி வரும்போது அது உங்கள் மேசையில் இருக்கும்.