மெஷினுக்குக் கண் வந்தது

போடிநாயக்கனூரில் பஸ் நின்றதும் ஊர்ப் பெயர்ப் பலகையைத் தேட வேண்டாம், மூக்கு சொல்லிவிடும். என் சித்தி அங்கே ஒரு கிடங்கில் இருபது வருஷமாக ஏலக்காய் பொறுக்குகிறார். மலைமேல் ஸ்டோரில் காய்ந்து இறங்கும் காயில் பச்சை தனி, வெளுத்தது தனி, வெடித்தது தனி.

போன வாரம் போனால், கிடங்கில் 'கலர் சார்ட்டர்'! காய்கள் சரிவில் வழுக்கி விழும்; விழுகிற வேகத்திலேயே கேமரா பார்த்துவிடும்; கம்ப்யூட்டர் 'வெளுப்பு' என்றால் புஸ்ஸென்று ஒரு காற்று, காய் அந்தப் பக்கம். நம் ஆபீஸில் ஒரு ஃபைல் நகர்வதற்குள் இங்கே மூட்டையே முடிந்துவிடும்.

ஊருக்குக் கம்ப்யூட்டர் புதிதில்லை. ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலம் 2007-லேயே வந்துவிட்டது. 2021-ல் கேரளத்துப் புற்றடியில் உட்கார்ந்தே போடி காயைக் கேட்கும் வசதியும் வந்தது. ஆனாலும் பொத்தானை அமுக்குமுன் சாம்பிள் காயைக் கையில் எடுத்துப் பார்க்காத வியாபாரி உண்டா?

"சித்தி, உங்கள நிறுத்திட்டாங்களா?"

"இல்லப்பா. மெஷின் தள்ளினதுலயும் நல்ல காய் கெடக்கும். அதைப் பொறுக்கணும். முன்னாடி கூடம் நெறைய உக்காந்திருந்தோம். இப்ப ஒரு பாய் போதும்."

கூலி, பொறுக்கின கிலோவுக்கு இவ்வளவு என்று. நான் பி.காம்.; காஸ்ட் அக்கவுண்டிங்கில் 'பீஸ் ரேட்' எழுதி பார்டரில் பாஸானவன். எனக்கே கணக்கு உதைத்தது. சுலபமான கிலோவையெல்லாம் மெஷின் எடுத்துக்கொண்டது; கண் வலிக்கிற கிலோ சித்திக்கு. ரேட் மட்டும் பழசு.

"கூட்டிக் கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டோமே. கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்றேன்னாரு மேனேஜர்."