தேமலும் தேசிக்காயும்

முகத்தில ஒரு பரு வந்தால் போதும், வீட்டில உள்ள எல்லாரும் டொக்டர் ஆகிவிடுவார்கள். அம்மம்மா வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசச் சொல்லுவா. பெரியம்மா தேசிக்காய்ப் புளியைத் தடவச் சொல்லுவா. பக்கத்து வீட்டு அன்ரி, "கத்தரிக்காய் கரப்பன், இறால் கிரந்தி, ரெண்டையும் நிப்பாட்டு பிள்ளை" என்பா. இப்ப இந்த வரிசையில யூடியூப்பும் ரிக்ரொக்கும் வேற சேர்ந்திட்டுது.

இதையெல்லாம் மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் தூக்கி எறிய நாங்கள் தயாரில்லை. கொப்புளிப்பான் வந்தால் 'அம்மாள் வந்திருக்கிறா' என்று வாசலில வேப்பிலை கட்டுவார்கள். வேப்பிலை கட்டின வீட்டுக்குள் வெளியாட்கள் போகமாட்டார்கள். கிருமி பற்றின பாடம் இல்லாத காலத்தில ஊர் தானே கண்டுபிடித்த தனிமைப்படுத்தல் அது. படைக்குச் சீமையகத்தி இலை அரைத்துப் பூசுவதும் வெறும் கதையில்லை. பங்கசை அடக்கும் பொருட்கள் அந்த இலையில் இருப்பதை ஆய்வுகூடங்களே காட்டியிருக்கின்றன.

ஆனால் 'இயற்கை' என்பதற்காக எல்லாம் பாதுகாப்பானது இல்லை. தேசிக்காய்ச் சாறு தோலில் இருக்க வெயில் பட்டால், எரிந்து கொப்புளம் போடும். பிறகு மண்ணிறத் தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். வெள்ளையாக வேண்டும் என்று பூசினது கறுப்பாக்கிவிட்டுப் போகும். சீட்டில்லாமல் பாமசியில் வாங்கும் 'ஸ்டெரொயிட்' கிறீமும் இதுக்குக் குறைந்ததில்லை. படைக்குப் பூசினால் கடி உடனே குறையும், பங்கசு மட்டும் உள்ளுக்குள் பரவிக்கொண்டே போகும்.

எங்களுக்கு உண்மையில் கவலை தருவது வெள்ளைத் திட்டுகள்தான். எங்கட சனம் அதை மூன்று விதமாகப் பார்க்குது, மூன்றிலும் பிழை விடுது.

ஒன்று தேமல். எல்லாருடைய தோலிலும் வாழுகிற ஒரு பங்கசு, வியர்வையும் சூடும் கூடினால் பெருகுது. மருந்து பூசிப் பங்கசு செத்தாலும் நிறம் திரும்பச் சில மாதம் எடுக்கும். அதுக்குள்ள "மருந்து சரிவரேல்லை" என்று பத்து வைத்தியம் மாற்றுகிறோம்.

இரண்டாவது வெண்புள்ளி. மீனும் தயிரும் சேர்த்துச் சாப்பிட்டால் வரும் என்பது ஊர்க்கதை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நிறம் தரும் கலங்களைத் தாக்குவதால் வருவது அது. தொற்றாது. அதுக்கு நாங்கள் வைத்திருக்கும் 'வெண்குட்டம்' என்ற பெயரே பாதி அநியாயம்.

மூன்றாவது தொழுநோய். இலங்கை 1995 இல் அதைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து இறக்கிவிட்டது. ஆனாலும் வருடாவருடம் ஆயிரத்துக்கு மேற்பட்ட புது நோயாளர்கள் இனங்காணப்படுகிறார்கள், அதில சின்னப் பிள்ளைகளும் இருக்கினம். பெரும்பாலும் வெளிறின அல்லது சிவந்த ஒரு திட்டாகத்தான் தொடங்கும். கடிக்காது, நோகாது, தொட்டாலும் தெரியாது. நோகாததாலேயே ஒருத்தரும் அவசரப்படுவதில்லை. 6 அல்லது 12 மாதம் இலவசமாகக் கிடைக்கும் குளிசையால் சுகமாகிற வருத்தம், எண்ணெயிலும் பத்தியத்திலும் காலம் போனால் நரம்பைத் தின்றுவிடும். மரத்துப்போன விரல் பிறகு திரும்பாது.

ஏன் காலம் போகிறது? அறியாமையால் மட்டுமில்லை, வெட்கத்தாலும்தான். நோயாளிகளை மாந்தீவுக்குக் கொண்டுபோய் வைத்த காலத்தின் பயம் இன்னும் எங்களை விட்டுப் போகவில்லை. பெட்டைப் பிள்ளை என்றால் இன்னும் மோசம். "நாளைக்குச் சம்பந்தம் பேச வரேக்க என்ன சொல்லுறது?" என்று சட்டைக் கைக்குள் மறைக்கிறார்கள். கரப்பன், கிரந்தி, மீனும் தயிரும் என்று எதைச் சொன்னாலும் கடைசியில் குற்றம் வருத்தக்காரரின் தலையில்தான் விழுகிறது.

ஆகவே எங்கட நிலைப்பாடு இதுதான். கைவைத்தியம் இருக்கட்டும், ஆனால் அதுக்கு ஒரு தவணை வேணும். எரிந்தால் உடனே கழுவுங்கோ. இரண்டு கிழமையில் மாற்றமில்லை என்றால் அரச ஆஸ்பத்திரித் தோல் கிளினிக்குக்குப் போங்கோ, காசு கேட்கமாட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு பஞ்சால் தொட்டுப் பார்த்து, திட்டு உள்ள இடத்தில் உணர்வில்லை என்றால் ஒரு நாளும் பிந்த வேண்டாம்.

அடுத்த முறை ஒருவரின் தோலில் வெள்ளைத் திட்டைக் கண்டால், "என்ன சாப்பிட்டனி?" என்று கேட்க வேண்டாம். "தொட்டால் தெரியுதோ?" என்று கேட்போம்.