ஆண்டுக்கு ஒரு புது கேம்: பழையதைப் பழசாக்குவது யார்?

செப்டம்பர் மாதக் கடைசியில், பதின்ம வயதுப் பையன் இருக்கும் பல வீடுகளில் ஒரே பேச்சுதான். "அப்பா, புது எஃப்சி வந்துருச்சு." "போன வருசம் வாங்குனது என்னாச்சு?" "அது பழசுப்பா. கூட்டாளிங்க எல்லாரும் மாறிட்டாங்க."

அப்பாவுக்கு இது வீண் செலவு. பையனுக்கோ வேறு வழியில்லை. இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கேம் பன்னிரண்டே மாதத்தில் எப்படிப் பழசாகிறது, ஆண்டுதோறும் வரும் புதியதில் அப்படி என்ன புதுமை இருக்கிறது என்பதுதான் கேள்வி.

தொகையும் சிறியதல்ல. புதிதாக வெளிவரும் பெரிய கேம் மலேசியாவில் 200 ரிங்கிட்டுக்கு மேல் விற்கிறது. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்ச சம்பளம் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது. அந்தச் சம்பளத்தில் குடும்பம் நடத்துபவர் ஒரு கேம் வாங்கிக் கொடுத்தால், மாத வருமானத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் அதற்கே போய்விடும். தீபாவளி அங்பாவ் பணத்தைச் சேர்த்து வைத்து வாங்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

காற்பந்து கேம்களிலிருந்தே தொடங்கலாம். நம் இளையோர் அதிகம் விளையாடுவதும் அதுதான். அமெரிக்காவின் இஏ நிறுவனம் 1993 டிசம்பரில் முதல் ஃபிஃபா கேமை வெளியிட்டது. அன்று முதல் ஓர் ஆண்டுகூடத் தவறாமல் புதிய பதிப்பு வந்துகொண்டிருக்கிறது. அனைத்துலக காற்பந்துச் சம்மேளனத்துடன் இருந்த ஒப்பந்தம் முடிந்ததால் ஃபிஃபா என்ற பெயர் 2022-இல் வந்த 'ஃபிஃபா 23'-உடன் நின்றது. 2023 முதல் 'இஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி' என்ற பெயரில் வருகிறது.

விளையாட்டு சார்ந்த கேம்கள் ஆண்டுதோறும் வருவதில் ஒரு நியாயம் உண்டு என்பதை மறுக்க முடியாது. மெஸ்ஸி 2021-இல் பாரிசுக்குப் போனார், 2023-இல் மயாமிக்குப் போனார். எம்பாப்பே 2024-இல் ரியல் மாட்ரிட்டில் சேர்ந்தார். சனிக்கிழமை இரவு மாமாக் கடையில் நேரலையாகப் பார்க்கும் அணியும் மறுநாள் கேமில் இருக்கும் அணியும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று பிள்ளைகள் எதிர்பார்ப்பது இயல்பு. ஆனால் ஆட்டக்காரர் பட்டியலை மாற்றுவதற்கு மட்டும் முழு விலை கேட்கலாமா?

இந்தக் கேள்விக்கு இஏ நிறுவனமே ஒருமுறை பதில் சொல்லியிருக்கிறது. நிண்டெண்டோ ஸ்விட்ச் கருவிக்கு 'ஃபிஃபா 20' முதல் 'ஃபிஃபா 23' வரை வந்த நான்கு பதிப்புகளுக்கும் 'லெகசி எடிஷன்' என்று பெயர் வைத்தார்கள். ஜெர்சியும் அணிப் பட்டியலும் புதியவை, விளையாடும் விதத்தில் மாற்றம் இல்லை என்பதே அதன் பொருள். பெட்டியிலேயே அப்படி எழுதி, காசு வாங்கி, நான்கு ஆண்டு ஓட்டினார்கள். வெளிப்படையாகச் சொன்னார்களே என்று பாராட்டுவதா, சொல்லியும் விற்றார்களே என்று வியப்பதா தெரியவில்லை.

முன்பு நிலைமை வேறு மாதிரி இருந்தது. பிளேஸ்டேஷன் 2 காலத்தை இன்று முப்பதைக் கடந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மணிக்கு ஒன்றோ இரண்டோ வெள்ளி கொடுத்துக் கடையில் உட்கார்ந்து விளையாடியது ஒரு பக்கம், பாசார் மாலாமில் திருட்டு சிடி வாங்கியது மறுபக்கம். அந்தக் கடைகளில் ஃபிஃபாவைவிட ஜப்பானின் கொனாமி நிறுவனம் செய்த 'வின்னிங் லெவன்'தான் ராஜா. அணிகளின் உண்மைப் பெயர்கள்கூட அதில் முழுமையாக இருக்காது. ஆனால் பந்து காலில் படுவதும் பாஸ் போவதும் உயிரோடு இருக்கும். தோட்டத்துத் திடலில் வெறுங்காலோடு ஆடியவனுக்கு அந்த வித்தியாசம் உடனே தெரிந்தது.

அப்போதும் இரண்டு நிறுவனங்களும் ஆண்டுதோறும்தான் வெளியிட்டன. ஆனால் இவர் கொஞ்சம் அசந்தால் அவர் முந்திவிடுவார் என்ற பயம் இருந்தது. இந்தப் போட்டி பிறகு தளர்ந்தது. 2020-இல் கொனாமி நேர்மையான ஒரு காரியம் செய்தது. 'பெஸ் 2021' புதிய கேம் அல்ல, 'சீசன் அப்டேட்' மட்டுமே என்று அறிவித்து, முழு விலையில் ஏறக்குறைய பாதிக்கு விற்றது. அடுத்த ஆண்டு பெயரையே 'ஈஃபுட்பால்' என்று மாற்றி இலவசமாக வெளியிட்டது. 2021 செப்டம்பர் 30-ஆம் தேதி வெளிவந்த அந்த கேம் பாதி வெந்த சோறாக இருந்தது. ஆட்டக்காரர்களின் முகங்கள் கோணல்மாணலாகத் தெரிந்தன. ஸ்டீம் தளத்தில் மிக மோசமான மதிப்பீடு பெற்றவற்றில் ஒன்றாக அது ஆனது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. விலைக்கு விற்கும் காற்பந்து கேம் என்று பார்த்தால், அதன் பிறகு இஏ ஏறக்குறைய தனிக்காட்டு ராஜாதான்.

சரி, போன ஆண்டு கேமைப் பழசாக்குவது எது? 'அல்டிமேட் டீம்' என்ற பகுதிதான் அதற்கு முக்கியக் காரணம். பெற்றோர் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. இதில் ஆட்டக்காரர்கள் அட்டைகளாக வருவார்கள். நன்றாக விளையாடி அட்டைகளைச் சேர்க்கலாம். அல்லது உண்மைப் பணம் கொடுத்து 'பேக்' வாங்கலாம். உள்ளே யார் இருப்பார் என்பது திறந்த பிறகே தெரியும். எம்பாப்பேயும் வரலாம், பேர் தெரியாத ஒருவரும் வரலாம். இப்படி ஓர் ஆண்டு முழுவதும் சேர்த்த அணி, அடுத்த செப்டம்பரில் வரும் புதிய பதிப்புக்கு வராது. எல்லாரும் மறுபடியும் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். கூட்டாளிகள் புதியதற்குப் போய்விட்ட பிறகு, பழைய கேமில் தனியாக உட்கார்ந்து என்ன செய்வது? சில ஆண்டுகளில் பழைய பதிப்பின் இணையச் சேவையும் நிறுத்தப்படுகிறது. பையன் "அது பழசுப்பா" என்று சொன்னதன் பின்னணி இதுதான்.

2021 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் அல்டிமேட் டீம் வழியாக மட்டும் இஏ ஈட்டிய வருமானம் 1.62 பில்லியன் அமெரிக்க டாலர். நிறுவனத்தின் மொத்த வருமானத்தில் அது 29 விழுக்காடு. காற்பந்து மட்டுமல்லாமல் மற்ற விளையாட்டு கேம்களின் அட்டைகளும் இதில் அடக்கம் என்றாலும், பெரும்பங்கு காற்பந்துக்கே. இவ்வளவு பணம் அட்டையில் கொட்டும்போது, கோல்காவலரின் அசைவைத் திருத்துவதிலோ, பல ஆண்டுகளாகக் கவனிப்பாரற்றுக் கிடக்கும் 'கேரியர்' பகுதியைப் புதுப்பிப்பதிலோ யாருக்கு ஆர்வம் வரும்? பெல்ஜியம் இதைச் சூதாட்டம் என்று 2018-இல் முடிவு செய்தது. 2019 ஜனவரி இறுதியில் அங்கு ஃபிஃபா பாயிண்ட்ஸ் விற்பனை நிறுத்தப்பட்டது. நெதர்லாந்தில் விதிக்கப்பட்ட 10 மில்லியன் யூரோ அபராதத்தை 2022-இல் அந்நாட்டு உயர் நிர்வாக நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஒரு நாட்டில் சூதாட்டம், பக்கத்து நாட்டில் இல்லை. சட்டம் இன்னும் தெளிவாகவில்லை, காசு மட்டும் போய்க்கொண்டிருக்கிறது.

கதை சொல்லும் கேம்களுக்கு 'சீசன்' என்ற சாக்குகூட இல்லை. பிரான்சின் யூபிசாஃப்ட் நிறுவனம் 'அசாசின்ஸ் கிரீட்' வரிசையை 2009 முதல் 2015 வரை ஆண்டுதோறும் வெளியிட்டது. பிரெஞ்சுப் புரட்சிக் கால பாரிஸ் நகரைக் காட்டும் 'யூனிட்டி' 2014 நவம்பரில் வந்தது. கட்டடங்கள் கண்ணைப் பறித்தன. ஆனால் சிலருக்கு முகத்தில் தோல் வராமல் கண்ணும் பல்லும் மட்டும் அந்தரத்தில் மிதந்தன. நடந்து போகிறவர் தரைக்குள் விழுந்தார். அந்தப் படங்கள் அப்போது உலகமே சிரித்த படங்கள். இரண்டு வாரத்தில் நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, காசுக்கு விற்கவிருந்த கூடுதல் பகுதியை இலவசமாகக் கொடுத்தது.

அந்த கேமை அவர்கள் ஓராண்டில் அவசரமாகச் செய்துவிடவில்லை. பல நாடுகளில் உள்ள குழுக்கள் பல ஆண்டுகள் உழைத்தன. வேலை முடியாவிட்டாலும் வெளியீட்டு நாள் அசையாது என்பதுதான் சிக்கல். கிறிஸ்துமஸ் விற்பனைக்குள் கடைக்கு வந்தாக வேண்டும். அடுத்த ஆண்டு வந்த 'சிண்டிகேட்' எவ்வளவோ பரவாயில்லை, ஆனால் முந்தியதில் சூடுபட்டவர்கள் தயங்கினார்கள். முதல் வார விற்பனை யூனிட்டியால் பாதிக்கப்பட்டது என்று நிறுவனமே ஒப்புக்கொண்டது. பிறகுதான் 2016-இல் ஓராண்டு ஓய்வு என்று அறிவித்தார்கள். 2017 அக்டோபரில் பண்டைய எகிப்தைக் களமாகக் கொண்டு வந்த 'ஆரிஜின்ஸ்' அந்த வரிசைக்குப் புத்துயிர் கொடுத்தது.

இங்கே ஒரு கசப்பான எதிர் உதாரணத்தையும் சொல்லியாக வேண்டும். 2005 முதல் ஆண்டு தவறாமல் வரும் 'கால் ஆஃப் டூட்டி' வரிசையில், 2023-இல் வந்த 'மாடர்ன் வார்ஃபேர் 3'-க்கு விமர்சகர்கள் கொடுத்த சராசரி மதிப்பெண் 60-ஐக்கூடத் தொடவில்லை. ஆனால் அந்த ஆண்டு அமெரிக்காவில் விற்பனையில் இரண்டாவது இடம் அதற்குத்தான். திட்டிக்கொண்டே வாங்கினார்கள். விற்பனை எண்ணிக்கையை மட்டும் பார்த்து 'மக்களுக்கு ஆர்வம் குறையவில்லை' என்று சொல்வது தவறு என்பேன். கூட்டாளிகள் எங்கே இருக்கிறார்களோ அங்கே போவதை ஆர்வம் என்று எப்படிச் சொல்வது?

ஆர்வம் வற்றுவது வெளியே தெரியாது, தெரியும்போது காலம் கடந்திருக்கும். கையில் கித்தார் வடிவக் கருவியைப் பிடித்து விளையாடும் 'கித்தார் ஹீரோ' 2005-இல் வந்தபோது அமெரிக்காவே ஆடியது. ஆண்டுக்கு ஒன்று போதாதென்று 2009-இல் ஒரே ஆண்டில் பல பதிப்புகளை இறக்கினார்கள். 2011 பிப்ரவரியில் அந்தப் பிரிவே மூடப்பட்டது.

அண்மையில் நடந்த இரண்டு சம்பவங்கள் கொஞ்சம் நம்பிக்கை தருகின்றன. இருபது ஆண்டுகளாக ஆண்டுதோறும் வந்துகொண்டிருந்த 'ஃபுட்பால் மேனேஜர்', 2025 பதிப்பை இரண்டு முறை தள்ளிவைத்தது. கடைசியில் அந்த ஆண்டு பிப்ரவரியில், தரம் போதவில்லை என்று சொல்லி அதை முழுமையாக ரத்து செய்தது. முன்பதிவு செய்தவர்களுக்குப் பணம் திரும்பியது. அந்த ஓய்வு எல்லாவற்றையும் சரிசெய்துவிடவில்லை. 2025 நவம்பரில் வந்த அடுத்த பதிப்பையும் பலர் குறை சொன்னார்கள். இருந்தாலும், முடியாத வேலையை முடிந்ததாகச் சொல்லி விற்காமல் நிறுத்திய துணிச்சல் இந்தத் தொழிலில் அரிது.

இன்னொன்று இஏ நிறுவனத்திலேயே நடந்தது. இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து வளர்ந்த காற்பந்து வருமானம் 'எஃப்சி 25'-இல் எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை. 2025 ஜனவரியில் நிறுவனம் தன் வருமானக் கணிப்பைக் குறைத்தது, பங்கு விலை சரிந்தது. அதே மாதத்தில் ஆட்டத்தின் வேகத்தையும் தற்காப்பையும் திருத்தும் பெரிய மாற்றங்கள் வந்தன. செப்டம்பரில் வந்த 'எஃப்சி 26'-ஐ, ரசிகர்கள் சொன்னதைக் கேட்டுச் செய்தோம் என்று விளம்பரப்படுத்தினார்கள். இணையத்தில் போட்டி போடுகிறவர்களுக்கு ஒரு விதம், நிஜக் காற்பந்து போல நிதானமாக ஆடுகிறவர்களுக்கு இன்னொரு விதம் என்று பிரித்தும் கொடுத்தார்கள். பல ஆண்டுகளாக ரசிகர்கள் போட்ட கூச்சல் செய்யாததை, அவர்கள் செலவழிக்காமல் விட்ட பணம் சில மாதங்களில் செய்துவிட்டது.

இது நீடிக்குமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. அதே 2025 செப்டம்பரில், சவூதி அரேபியாவின் முதலீட்டு நிதி உட்பட ஒரு கூட்டு 55 பில்லியன் டாலருக்கு இஏ நிறுவனத்தை வாங்குவதாக அறிவிப்பு வந்தது. அதில் 20 பில்லியன் கடன். அந்தக் கடனை அடைக்க, அட்டைகள் இன்னும் வேகமாகத்தான் விற்கப்பட வேண்டியிருக்கும்.

நம் வீட்டுக் கணக்குக்கு வருவோம். இந்த கேம்களின் விலை செப்டம்பரில்தான் உச்சத்தில் இருக்கும். நவம்பர் கடைசி, டிசம்பர் தள்ளுபடிகளில் நன்றாகவே இறங்கும். 2023 செப்டம்பரில் வந்த 'எஃப்சி 24', 2024 மே மாதம் பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா கட்டியவர்களுக்குக் கூடுதல் கட்டணமின்றிக் கிடைத்தது. சிடியாக வாங்கினால் பிறகு விற்கவோ மாற்றிக்கொள்ளவோ முடியும், பதிவிறக்கம் செய்ததை முடியாது. பேக் வாங்கும் பழக்கம் இருந்தால், வங்கி அட்டையின் விவரம் கருவியில் பதிவாகி இருக்கிறதா என்பதை இன்றே பார்த்துவிடுங்கள். மாதச் செலவுக்கு வரம்பு வைக்கும் வசதி பிளேஸ்டேஷனில் பெற்றோர் கட்டுப்பாட்டுப் பகுதியில் இருக்கிறது.

என் அக்கா மகன் போன ஆண்டு செப்டம்பரில் கேட்டான். டிசம்பர் வரை பொறு என்றேன். முகம் தொங்கிப்போனது. மூன்று மாதம் பழைய பதிப்பில் 'கேரியர்' ஆடி, ஓர் இரண்டாம் நிலை அணியை பிரிமியர் லீக் வரை கொண்டுபோனான். டிசம்பரில் பாதி விலைக்கு வாங்கிக் கொடுத்தபோது, கூட்டாளிகள் எல்லாரும் அல்டிமேட் டீமில் எட்டாத உயரத்துக்குப் போய்விட்டார்கள் என்று இரண்டு நாள் புலம்பினான். மூன்றாம் நாள் பார்த்தால், புதியதிலும் கேரியர்தான் ஓடிக்கொண்டிருந்தது.