கலஹாவின் மலைச்சரிவும் எட்டாம் பதிப்புக் கொம்பைலரும்

கண்டியிலிருந்து கலஹாவுக்குப் போகும்போது பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்தைக் கடந்துதான் போகவேண்டும். அங்குள்ள வீதியின் பெயரே கலஹா வீதிதான். பேராதனையில் பொறியியல் படித்துவிட்டு, கலஹாவுக்கு மேலேயுள்ள தோட்டமொன்றில் பெற்றோருடன் இருக்கும் தம்பி ஒருவரை அண்மையில் சந்தித்தேன். லயத்துக்குப் பின்னாலுள்ள சரிவைக் கண்காணிக்க ஒரு கெமராவைத் தயார்செய்துகொண்டிருக்கிறார். நிலம் நகர்ந்தால் ஒலிபெருக்கியில் தமிழில் எச்சரிக்க வேண்டும். அவ்வளவுதான் திட்டம்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் தாக்கியபோது நாடு முழுவதும் 600 இற்கும் மேற்பட்டோர் இறந்தனர். மாவட்டங்களில் கண்டியில்தான் அதிக உயிர்கள் போயின. மின்சாரம் நின்றது, தொலைபேசிக் கோபுரங்கள் செயலிழந்தன. ஆகவே படத்தை இணையத்தில் அனுப்பி எங்கோ இருக்கும் கணினியில் ஆராய்வதை நம்ப முடியாது. பெட்டியே அந்த இடத்தில் பார்த்து முடிவெடுக்க வேண்டும். அதற்குத்தான் கிராஃபிக்ஸ் புரொசெசர் உள்ள சிறிய பலகை தேவைப்படுகிறது. தம்பியிடம் இருப்பது யாரோ கொடுத்த பழைய ஜெட்சன் நானோ. 2019 இல் 99 டொலருக்கு என்விடியா வெளியிட்டது.

பிரச்சினை பலகையில் இல்லை. நாம் எழுதும் நிரலை இயந்திரத்தின் மொழிக்கு மாற்றும் கருவிதான் கொம்பைலர். லினக்ஸில் அது பெரும்பாலும் ஜிசிசி. என்விடியாவின் 'கூடா' தொகுப்பு கிராஃபிக்ஸ் பகுதியைத் தானே மாற்றிக்கொண்டு, மீதியை ஜிசிசியிடம் ஒப்படைக்கும். (கூடா என்றால் தமிழில் ஆகாது என்று அர்த்தம். பொருத்தமான பெயர்தான் என்று தம்பி சிரித்தார்.) நானோவுக்குக் கிடைக்கும் கடைசித் தொகுப்பு ஜெட்பாக் 4.6 வரிசை. அதிலுள்ள கூடா 10.2, ஜிசிசி 8 வரை மட்டுமே ஏற்கும். தம்பி, பாதுகாப்புத் திருத்தங்கள் 2028 வரை கிடைக்கும் என்பதால், யோக்டோவின் 2024 ஏப்ரல் வெளியீட்டை எடுத்திருந்தார். அதில் இருப்பது ஜிசிசி 13. எட்டுக்குப் பிந்தியது ஆதரிக்கப்படாது என்ற ஒரு வரியோடு வேலை நின்றது.

"அந்தச் சோதனை வரியை அழிச்சிட்டு ஓட்டிப் பார்த்தேன் அக்கா. அதுக்கப்புறம் ஆயிரம் பிழை வந்துச்சு."

வரும்தான். புதிய ஜிசிசியின் நூலகங்களில் பழைய கூடாவுக்கு விளங்காத எழுத்துமுறைகள் இருக்கின்றன. பிழை காட்டினால் நல்லது. எதையும் காட்டாமல் கட்டி முடிந்து, மழை கொட்டும் இரவில் பெட்டி தவறாக இயங்கினால்தான் ஆபத்து.

இதற்கு வழி கண்டவர்கள் அந்த நிறுவனத்துக்கு வெளியே இருக்கும் தன்னார்வலர்கள். மெட்டா-டெக்ரா என்ற திறந்த மூலத் திட்டத்தில், கூடா சார்ந்த பகுதிகளை மட்டும் பழைய கொம்பைலரால் கட்டிவிட்டு, மற்றவற்றைப் புதியதால் கட்டுகிறார்கள். பழைய ஜிசிசியால் கட்டியது புதிய சி++ நூலகத்தோடு பொதுவாக ஓடும். மறுபக்கமாகச் செய்தால் ஓடாது. தம்பி இப்போது அந்த வழியில்தான் போகிறார்.

புதிய பலகை வாங்கினால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை. ஜெட்பாக் 6.2 இல் உள்ள கூடா 12.6, ஜிசிசி 13ஐ ஏற்கும். அதற்குரிய ஒரின் நானோவின் விலை, 2024 டிசம்பரில் குறைத்த பிறகும், 249 டொலர். வரியும் அனுப்பும் செலவும் சேர்க்காமலே ஏறத்தாழ 75,000 ரூபா. 2026 வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்த 1,750 ரூபா நாட்சம்பளம் முழுதாகக் கிடைத்தாலும் 43 நாள் கொழுந்து பறிக்க வேண்டும்.

வடக்கில் பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றரி இல்லாமல் சைக்கிள் டைனமோவில் வானொலி கேட்ட தலைமுறைக்கு, இருப்பதை வைத்துப் பொருத்திக்கொள்வது புதிதல்ல. ஆனால் அந்தத் திறமையைப் புகழ்ந்துவிட்டுப் போவதில் எனக்கு உடன்பாடில்லை. மீள்குடியேற்றக் காலத்தில் உதவி நிறுவனங்களின் சின்னம் ஒட்டிய எத்தனை இயந்திரங்கள், ஒரு பாகம் கிடைக்காமல் வன்னியில் துருப்பிடித்தன என்பது வாசகர்களுக்குத் தெரியும். மென்பொருள் துருப்பிடிப்பது கண்ணுக்குத் தெரியாது. டிஜிட்டல் பொருளாதாரத்துக்கென அமைச்சு வைத்திருக்கும் அரசாங்கம், அனர்த்த எச்சரிக்கைக் கருவிகளை இனி வாங்கும்போது விலையை மட்டும் கேட்டால் போதாது. எத்தனை ஆண்டுக்குத் திருத்தம் வரும், எந்தக் கொம்பைலரில் கட்டியது, அதை நாமே மறுபடி கட்ட மூலநிரல் தருவார்களா என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கேட்க வேண்டும். எச்சரிக்கை எந்த மொழிகளில் பேசும் என்பதையும்தான்.

1867 இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் முதல் தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய லூல்கந்துர இங்கிருந்து தூரமில்லை. இந்த மலைகளைத் திருத்தியவர்களின் பேரப்பிள்ளைகளில் ஒரு பகுதியினர் 1977 வன்முறைக்குப் பின் வன்னிக்குப் போனார்கள். தம்பியின் பெரியப்பா குடும்பமும் அப்படிப் போனதுதான். இணையத்தில் பழைய கோப்புகள் எப்போது மறையும் என்று சொல்ல முடியாது என்பதால், பழைய கொம்பைலர் உட்பட தரவிறக்கிய எல்லாவற்றையும் இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் போட்டு, ஒன்றைக் கிளிநொச்சியிலுள்ள அந்த வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்.

நான் போன அன்று மாலை, ஆறு மணித்தியாலம் ஓடிய பில்ட் பிழையில்லாமல் முடிந்தது. கெமராவைப் பொருத்த வேண்டிய மேட்டுநிலம் தோட்டக் கம்பனியினுடையது. அனுமதி கேட்டு எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.