எஞ்சினைத் தூக்குறதுக்கு முன்னாடி ஒரு ஸ்கேல் எடுங்க

"கிளட்ச் சரியா விடுபடலைன்னா என்ன செய்வீங்க?"
"கிளட்ச் பிளேட்டை மாத்துவோம் சார்."

வைவாவுல இந்தப் பதிலுக்கு மார்க் விழுந்துடும். ஆனா இதே பதிலை ஒரு எம்ஜிபி கார் வெச்சிருக்கிறவர்கிட்ட சொன்னா அவர் தலையில கை வெச்சுக்குவார்.

எம்ஜிபி, இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை தயாரான ஸ்போர்ட்ஸ் கார். அதுல கிளட்ச் பிளேட்டை மாத்தணும்னா எஞ்சினையே வெளியே தூக்கணும். தப்பான முடிவு எடுத்தா ஒரு வார இறுதி மொத்தமும் போச்சு, காசும் போச்சு.

அந்தக் கார்ல அடிக்கடி வர்ற புகார் இதுதான்: பெடலைத் தரை வரைக்கும் மிதிச்சாதான் கிளட்ச் விடுபடுது, ரிவர்ஸ் போட்டா கரகரன்னு சத்தம். உடனே நமக்குத் தோணுறது, "பிளேட் தேஞ்சுபோச்சு." இங்கதான் நம்ம பைக் அனுபவம் ஏமாத்துது. பைக்ல கேபிள், லூஸானா அட்ஜஸ்டரைத் திருகிடுவோம். எம்ஜிபியில் ஹைட்ராலிக் கிளட்ச், அட்ஜஸ்டரே கிடையாது. பிளேட் தேய்மானத்தை ஸ்லேவ் சிலிண்டர் பிஸ்டன் தானா நகர்ந்து ஈடுகட்டிடும். அதனால பிளேட் தேஞ்சா கிளட்ச் வழுக்கும். பெடல் கீழே இறங்காது.

அப்போ எங்க தேடுறது? முதல்ல ஆயில் அளவைப் பாருங்க. குறைஞ்சிருந்தா எங்கேயோ கசிவு. அடுத்து ஒருத்தர் பெடலை மிதிக்கட்டும், இன்னொருத்தர் காருக்கு அடியில ஸ்லேவ் சிலிண்டரோட புஷ் ராட் எவ்வளவு நகருதுன்னு ஸ்கேல் வெச்சு அளக்கட்டும். சுமார் அரை அங்குலம், அதாவது 13 மி.மீ. நகரணும். அவ்வளவு நகர்ந்தும் கியர் கரகரன்னா கோளாறு உள்ளே இருக்கு, எஞ்சினைத் தூக்கலாம். நகர்வு குறைவா இருந்தா கோளாறு வெளியிலதான். எஞ்சின் பக்கமே போக வேண்டாம்.

வெளியிலன்னா? பெடலை வேகமா நாலு தடவை மிதிங்க. உடனே சரியாச்சுன்னா லைன்ல காத்து இருக்கலாம், இல்ல சிலிண்டர் சீல் போயிருக்கலாம். எத்தனை தடவை மிதிச்சாலும் அதே மாதிரி இருந்தா, பெடலையும் மாஸ்டர் சிலிண்டர் புஷ் ராடையும் இணைக்கிற கிளெவிஸ் பின்னைக் கழட்டிப் பாருங்க. வருஷக்கணக்கா மிதிச்சதுல பின் தேஞ்சு படி விழுந்திருக்கும், பெடல்ல இருக்கிற துளை முட்டை வடிவமாயிருக்கும்.

இத்தூண்டு பின் இவ்வளவு செய்யுமா? கணக்குப் போடுங்க. மாஸ்டர் துளை விட்டம் 3/4 அங்குலம், ஸ்லேவ் 1 1/4 அங்குலம். பரப்பளவு விகிதம் சுமார் 2.8. ஸ்லேவ் 13 மி.மீ. நகரணும்னா மாஸ்டர் 36 மி.மீ. நகரணும். பின்னில் 3 மி.மீ. ஆட்டம் இருந்தா ஸ்லேவ்ல 1 மி.மீ.க்கு மேல காலி. பெடலோட நெம்புகோல் விகிதம் நாலுன்னு வெச்சுக்கிட்டா, காலடியில 12 மி.மீ. வீண். செகண்ட் இயர்ல பாஸ்கல் விதின்னு எழுதிட்டு மறந்தோமே, அதேதான்.

"பழைய கார்தானே, எல்லாத்தையும் மாத்திட்டா நிம்மதி"ன்னு சிலர் சொல்வாங்க. வேற வேலைக்காக எஞ்சின் வெளியே வந்திருந்தா பிளேட், கவர், ரிலீஸ் பேரிங் மூணையும் சேர்த்து மாத்துறது புத்திசாலித்தனம்தான். ஆனா கோளாறு பின்ல இருக்கும்போது புது பிளேட் போட்டா, எஞ்சினை மறுபடி ஏத்தின அன்னைக்கும் பெடல் தரையிலதான் கிடக்கும்.

நம்ம பாடப்புத்தகத்துல கோளாறு, காரணம், தீர்வுன்னு மூணு கட்டம் போட்ட அட்டவணை இருக்கு. எதை முதல்ல பார்க்கணும், எதை அளக்கணும்ங்கிற கட்டம் மட்டும் இல்ல. அதை மனப்பாடம் பண்ணி வெளியே போறவங்க பார்ட்ஸ் மாத்துறவங்களா ஆவாங்க, இன்ஜினியரா இல்ல. அதனால வைவா எடுக்கிற ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: "எதை மாத்துவ?"ன்னு கேக்காதீங்க. "முதல்ல எதை அளப்ப?"ன்னு கேளுங்க. நாங்க முழிப்போம்தான். பரவாயில்ல, லேப்லயே முழிச்சுக்கிறோம்.