பிரெடியை வளர்த்தது யார்?



"பேய்ப்படம் பார்க்காதே, ராத்திரி தூக்கம் வராது" என்று நம் எல்லார் வீட்டிலும் சொல்வார்கள். ஆனால் தூங்கினால் மட்டுமே வருகிற பேய் ஒன்று இருக்கிறது. பெயர் பிரெடி குரூகர். அமெரிக்காவில் 1984-ல் வெஸ் கிரேவன் என்ற இயக்குநர் எடுத்த 'எ நைட்மேர் ஆன் எல்ம் ஸ்ட்ரீட்' படத்தின் வில்லன். 2010 வரை மொத்தம் 9 படம் வந்தது. அதில் 8 படத்தில் ராபர்ட் இங்லண்ட்தான் பிரெடி. வெந்துபோன முகம், சிவப்பும் பச்சையும் கோடு போட்ட ஸ்வெட்டர், பழைய தொப்பி, விரலில் கத்தி வைத்த கையுறை!

இது பெரியவர்களுக்கான படம். பார்க்கச் சொல்லி நான் எழுதவில்லை. காலேஜ் படிக்கிற எங்க அக்காதான் கதை சொன்னாங்க. கூட இருந்தவங்க எல்லாரும் பிரெடிக்குப் பயந்தாங்க. எனக்கு அந்த ஊர் அப்பா அம்மாக்கள் மேலதான் கோபம் வந்தது.

ஏன்னு கேளுங்க. பிரெடி உயிரோடு இருந்தபோது குழந்தைகளைக் கொன்றவன். சோதனை உத்தரவில் சரியான இடத்தில் கையெழுத்து இல்லை என்று தப்பித்துவிட்டான். அதனால் பெற்றோர்களே சேர்ந்து அவனை எரித்துக் கொன்றார்கள். அப்புறம் ஒருத்தர்கூட பிள்ளைகளிடம் மூச்சு விடவில்லை. செத்தவன் அந்தப் பிள்ளைகளின் கனவில் வந்தான். கனவில் வெட்டினால் நிஜத்திலும் சாவு!

நான்சி என்ற பள்ளிக்கூடத்துப் பொண்ணு அம்மாவிடம் சொல்கிறாள். "தூங்கினா சரியாப் போயிடும்" என்கிறார் அம்மா. டாக்டரிடம் கூட்டிப்போகிறார். ஜன்னலுக்குக் கம்பி போடுகிறார். அவனுடைய கையுறை அதே வீட்டுக்குக் கீழேதான் ஒளித்து வைத்திருக்கிறது, அதை மட்டும் சொல்லவில்லை. கடைசியில் உண்மையைச் சொல்லும்போது நான்சியின் நண்பர்கள் இரண்டு பேர் செத்தாச்சு!

இது வெறும் கற்பனை என்று நினைக்காதீர்கள். தென்கிழக்கு ஆசியாவிலிருந்து அமெரிக்காவுக்கு வந்த அகதிகள் சிலர் தூக்கத்திலேயே இறந்த செய்திகளைப் பேப்பரில் படித்துத்தான் கிரேவன் இந்தக் கதையை யோசித்தாராம். அதில் ஒரு பையன் கனவுக்குப் பயந்து தூங்கவே மாட்டேன் என்றிருக்கிறான். தூங்கு தூங்கு என்றுதான் வீட்டில் சொல்லியிருக்கிறார்கள்.

'அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்' என்று நாமும் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அவன் ஏன் அரண்டான் என்று யாராவது கேட்கிறோமா?

போகப்போக பிரெடி ஜோக் அடிக்கிற வில்லனாகி, அவன் பொம்மைகூட கடைக்கு வந்தது. எல்லாருக்கும் பிரெடியைத் தெரியும், நான்சியைத் தெரியாது. எனக்கு நான்சியைத்தான் பிடிக்கும். முதல் படத்தில் அவனுக்கு முதுகைக் காட்டி, உனக்கு நான் கொடுத்த பலத்தைத் திரும்ப எடுத்துக்கிறேன் என்கிறாள். 1987-ல் வந்த மூன்றாவது படத்தில், கனவுக்குப் பயந்து ஆஸ்பத்திரியில் கிடக்கும் பிள்ளைகளிடம் போகிறாள். பெரிய டாக்டர்கள் நம்பாததை அவள் நம்புகிறாள். அவள் பட்டவள் அல்லவா!

என் கருத்து இதுதான். பிரெடிக்குப் பலம் கத்தியில் இல்லை. பெரியவர்கள் மறைத்ததும், பிள்ளைகள் சொன்னதைக் கேட்காததும்தான் அவனை வளர்த்தது. நிஜத்தில் கனவில் யாரும் வந்து வெட்டுவதில்லை. ஆனால் குழந்தைகள் பயப்படுகிற மனிதர்கள் நிஜத்தில் உண்டு.

தோழிகளே, பயத்தை உள்ளுக்குள்ளே வைக்காதீங்க. வீட்டில் கேட்காவிட்டால் டீச்சரிடம் சொல்லுங்க. அதுவும் முடியாவிட்டால் குழந்தைகளுக்கான 1098-க்கு போன் பண்ணலாம், காசு கிடையாது.

பெரியவர்களே, உங்களுக்கும் ஒன்று. தம்பியோ தங்கச்சியோ "பயமா இருக்கு" என்றால், திருநீறு பூசிவிடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பூசிவிட்டு, "யாரைப் பார்த்துப் பயம்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பதில் சொல்லி முடிக்கும்வரை பக்கத்திலேயே இருங்கள்.



– 9-ஆம் வகுப்பு மாணவி